தாத்தா சாப்பிட்டு எழுந்த இலை

என் எச்சிலை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று அண்ணா பையன் ஸ்ரீராம் போனில் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். பத்தே நாளில் அவனுடைய சிநேகிதன் ஒருவன் அடையாறில் என் ஃப்ளாட்டைத் தேடி வந்து, ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, காப்பி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டான். பெட்டிக்குள் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் துப்ப வேண்டுமாம். நுரை கணக்கில் சேராது என்று கூடவே ஒரு காகிதத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பெட்டியை மூடி, துணி அலமாரியின் மேல்தட்டில் கைக்கு எட்டாத மூலையில் தள்ளிவிட்டேன்.

என் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. நான் அருவருப்புக்காரி. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டேன். கடித்துக் கொடுத்த மாங்காய், காக்காய்க் கடி கடித்த மிட்டாய் எதுவும் என் வாயில் இறங்கியதில்லை. எங்கள் வீட்டில் ஏழு குழந்தைகள். ஒரு லோட்டா தண்ணீர் ஏழு வாய்க்கும் சுற்றி வரும்; என்னிடம் வரும்போது மட்டும் "சீ" என்று ஒரு சத்தம் கேட்கும். அதனால் எனக்கு சீச்சீ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது அறுபத்து நாலு வயதாகிறது. அண்ணா பேரன் வரைக்கும் என்னை சீச்சீ பாட்டி என்றுதான் கூப்பிடுகிறான். எனக்கும் அது பழகிவிட்டது.

"இது யாரைக் கொண்டிருக்கோ தெரியலையே" என்று அம்மா அடிக்கடி அலுத்துக்கொள்வாள். அம்மா வழியில் அப்படி யாரும் கிடையாது. அப்பாவோ, கீழே விழுந்த பட்சணத்தை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்கிற ரகம்.

நான் வேலைக்குப் போன காலத்தில் இந்த ஊரே எச்சிலால்தான் நடந்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மந்தைவெளியில் பஸ் ஏறினால், கண்டக்டர் கட்டைவிரலை நாக்கில் ஒரு தேய் தேய்த்து, டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவார். நான் கைக்குட்டையை விரித்து அதில் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் ஒரு கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மேடம், டிக்கெட்டுல கரண்டா பாயுது? கர்சீப்ல புட்ச்சிக்கினு கீற?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மறுநாளும் கைக்குட்டையில்தான் வாங்கினேன்.

தி.நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை. எங்கள் ஹெட்கிளார்க் நாலு ஸ்டாம்பைச் சேர்த்துப் பிடித்து ஒரே நக்கில் ஈரமாக்கி, நாலு உறையில் ஒட்டிவிடுவார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சாயங்காலம் அவர் நாக்கு வெளுத்துப் போயிருக்கும், மேஜை முழுக்க ஒரு புளித்த கோந்து வாசனை. நான் என் காசில் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் ஸ்பாஞ்சும் வாங்கி வைத்துக்கொண்டேன். "ஏம்மா, எங்க நாக்குல என்ன விஷமா இருக்கு?" என்று அவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஸ்பாஞ்சு மாமி என்ற பட்டத்தோடுதான் அங்கிருந்து ஓய்வு பெற்றேன்.

சரி, குழாய்க்கு வருகிறேன். அண்ணாவுக்கு எழுபது முடிவதால் பீமரத சாந்தி செய்ய ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் குடும்ப வரலாறு என்று ஒரு புத்தகம் வெளியிட வேண்டும் என்பது அண்ணாவின் ஆசை. ஸ்ரீராம் அதற்காக வம்ச விருட்சம் போட்டுக்கொண்டிருந்தான். எச்சிலைச் சோதித்துப் பூர்வீகத்தைச் சொல்வார்களாம்; அது அதில் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, எல்லோருக்கும் அவன் போனில் அனுப்பிய ஒரு படிவம். பெயர், பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, தொழில், சுவையான தகவல் ஏதேனும். வக்கீல் தாத்தாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவின் அப்பாவுக்கு, ஆறு பக்கம் நிரம்பிவிட்டது. அவர் வாதாடிய கேஸ், அவர் வாங்கிய கைத்தடி, அவரைப் பார்த்து எழுந்து நின்ற வெள்ளைக்காரன். பாட்டியின் பக்கத்தில் அலமேலு என்ற பெயரும், அண்ணா சொல்லி எழுதப்பட்ட ஒரே ஒரு வரியும் இருந்தன:

"கணவர் உண்டு எழுந்த இலையில் அன்றி வேறு இலையில் ஒரு நாளும் உண்டறியாத உத்தமி."

இதைப் படித்துவிட்டு நான் போனைத் தூர வைத்தேன். கையைக்கூடக் கழுவினேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த இலையை நான் நேரில் பார்த்தவள்.

மயிலாப்பூர் வீட்டில் மத்தியானம் பதினோரு மணிக்குத் தாத்தா சாப்பிட உட்காருவார். அவருக்கு மட்டும் தினமும் நுனி இலை. பொடி போடுகிற மூக்கு, பழுப்பேறிய மீசை. முருங்கைக்காயைச் சுவைத்துச் சுவைத்து, சக்கையை நார் நாராக இலையின் ஓரத்தில் துப்பி வைப்பார். கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு, மென்று பிடிக்காமல் வெளியே எடுத்து வைத்த கொத்தவரங்காய் எல்லாம் அங்கேயே கிடக்கும். நடுவில் மோர் ஓடி, அதில் எல்லாமே மிதக்கும். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் கை கழுவப் போனதும் பாட்டி வருவாள். அந்த இலையை இரண்டு கையாலும், கோயில் பிரசாதத் தட்டு மாதிரி, ஒரு சொட்டு சிந்தாமல் தூக்கிக்கொண்டு சமையல் உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரைமணி கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். கதவைத் தட்டக் கூடாது. "பாட்டி தாத்தா இலைல சாப்டுண்டிருக்கா" என்பாள் அம்மா, தணிந்த குரலில், பூஜை நடக்கிற மாதிரி.

வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லித் தாத்தா மகிழ்வார். அவர்கள் வீட்டுப் பெண்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொல்வார். அந்தப் பெண்கள் தரையைப் பார்ப்பார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். ஒரு சாயங்காலம் பாட்டி எங்களையெல்லாம் வட்டமாக உட்காரவைத்து, வத்தக்குழம்பு சாதம் பிசைந்து கையில் உருட்டிப் போட்டுக்கொண்டு வந்தாள். என் முறை வந்ததும் நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சீ. நீ தாத்தா எச்சலைத் திங்கறே. உன் கையால எனக்கு வேண்டாம்."

அம்மா எழுந்து வந்து என் முதுகில் வைத்தாள் ஒன்று. பட்டு அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, அன்றைக்குப் பிறந்தகம் வந்திருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டி மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எழுந்துபோய்க் கையை அலம்பிவிட்டு, ஒரு தட்டில் கரண்டியால் எனக்குத் தனியாகச் சாதம் எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் எனக்குக் கையால் எதுவும் போட்டதே இல்லை. இவ்வளவு சொல்லியும் வெட்கமில்லாமல் சிரிக்கிறாளே என்று எனக்கு இன்னும் அருவருப்பாகப் போயிற்று. நான் காலேஜில் சேருவதற்கு முன்பே பாட்டி போய்விட்டாள். சாகிற வரைக்கும் நான் அவள் மடியில் உட்கார்ந்ததில்லை, அவள் பக்கத்தில் படுத்ததில்லை.

இந்தக் கேடுகெட்ட வழக்கம் எங்கள் அம்மாவிடம் வராமல் காப்பாற்றியது எந்தச் சீர்திருத்தவாதியும் இல்லை, எவர்சில்வர் தட்டுதான். அப்பா ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில் தட்டில் சாப்பிட்டார், தட்டைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. என் கல்யாணத்தில் மட்டும் ஒரு வேளை, சம்பிரதாயத்துக்காக, மாப்பிள்ளை இலையில் உட்காரவைத்தார்கள். நான் தண்ணீர் டம்ளரை எடுக்கப்போய்க் கை தவறி இலை முழுக்கக் கொட்டிவிட்டேன். கை தவறித்தான் என்று என் வீட்டுக்காரர் போய்ச்சேருகிற வரைக்கும் நம்பினார்.

ஆக, என் பாட்டியைப் பற்றி இந்த உலகத்தில் மிஞ்சப்போவது அந்த ஒரு வரி. அச்சில் ஏறிவிட்டால் அதுதான் அவள். நாளைக்குப் பேரன் பேத்திகள் புரட்டிப் பார்த்து, எச்சில் இலையில் சாப்பிட்ட ஒரு கிழவி இருந்தாள் என்று தெரிந்துகொள்வார்கள். நான் அவளை வெறுத்தது வேறு விஷயம். வேறு ஏதாவது ஒன்று, அவள் பாடினாளா, படித்தாளா, யாரோடாவது சண்டை போட்டாளா, ஏதாவது கண்டுபிடித்து அந்த வரியை எடுக்கவைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதலில் தி.நகரில் அண்ணா வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தாத்தாவின் டைரிகள். பெட்டியைத் திறந்ததும் கரப்பான் பூச்சி மருந்தும் பொடி மட்டையும் கலந்த ஒரு நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று நாள் படித்தேன். பாட்டியின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. "அகத்தில் ஜுரம்." "அகத்தில் பிரசவம். பெண்." "அகத்தில் திரும்பவும் ஜுரம்." பெண்டாட்டி பெயரைச் சொல்லாமல் வீட்டைச் சொல்கிற பழக்கம் எங்களவர்களுக்கு உண்டு, தெரியும். ஆனால் அத்தனை வருஷத்து டைரியிலும் ஒரு வீட்டுக்கு மட்டுமே ஜுரம் வந்துகொண்டிருந்தது. கொல்லையில் கட்டியிருந்த பசுமாட்டின் பெயரை எழுதியிருக்கிறார். லட்சுமி.

அடுத்து மயிலாப்பூர். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற லஸ் முனையைச் சுற்றி, தகரத் தடுப்புகளுக்கு நடுவில் சாக்கடைத் தண்ணீரில் கால்வைக்காமல் தாண்டித் தாண்டிப் பழைய வீடு இருந்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டின் இடத்தில் நாலு மாடி ஃப்ளாட். கீழே கார்கள். சமையல் உள் இருந்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நான் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு நிற்க, வாட்ச்மேன் வந்தார்.

"இன்னா மேடம், யாரைத் தேடிக்கினு வந்த?"

"எங்க பாட்டி இந்த இடத்துலதான் இருந்தாங்க."

"பாட்டியா? செகண்ட் ஃப்ளோர்ல ஒரு பாட்டி கீது. அதுவா?"

இல்லை என்றேன். தூணின் அடியில் யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தார்கள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

பட்டு அத்தையிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும். எண்பத்தெட்டு வயதில் மந்தைவெளியில் பெண் வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, புத்தி மங்கவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு, அதில் யார் யார் என்று வரிசையாகச் சொல்லக்கூடியவள். ஸ்ரீராமின் வரியைப் படித்துக் காட்டினேன். அத்தை கேட்டுவிட்டு முதலில் "இன்னொரு தடவை படி" என்றாள். இரண்டாம் தடவை படித்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

"அம்மா ஒருநாள்கூட அந்த இலைல சாப்பிட்டதில்லைடி."

நான் நாற்காலியை அத்தைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"கல்யாணம் ஆகி வந்தப்போ அவளுக்குப் பதிமூணு வயசு. மாமியார் அப்பா இலைல உட்காத்தி வச்சா. ஒரு வாய் வச்சிண்டா, அப்படியே வெளில வந்துடுத்து. இந்த இலைல சாப்பிடற வரைக்கும் உனக்கு வேற இலை கெடையாதுன்னுட்டா மாமியார். ரெண்டு நாள் பட்டினி. மூணாம் நாள் அம்மா சொன்னாளாம், சாப்பிடறேன், ஆனா பதி பிரசாதம், நாலு பேர் கண்ணு படப்படாது, உள்ள கதவைச் சாத்திண்டுதான் சாப்பிடுவேன்னு. மாமியாருக்கு ஒரே பூரிப்பு. தெரு முழுக்கச் சொல்லிண்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பரிமாறறதுக்கு முன்னாடியே தனக்குக் கல்சட்டில எடுத்து வச்சுடுவா. கதவைச் சாத்தினதும் இலையை மடிச்சு ஜன்னல் வழியா மாட்டுத் தொட்டில போட்டுடுவா. கல்சட்டியை எடுத்துண்டு, மோர் சாதமும் நார்த்தங்காயும், கண்ணை மூடிண்டு அவ்வளவு ருசிச்சுச் சாப்பிடுவா. நான் ஒருநாள் அரிசி டிரம் பின்னாடி ஒளிஞ்சிண்டிருந்தேன், பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதேடி, சொன்னா மறுபடி பட்டினின்னா. நான் சொல்லலை. அப்பா போனப்பறமும் சொல்லலை. இப்போதான் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல், தினமும், அந்த மனிதர் மூக்கின் கீழேயே. தன் பக்தியைப் பார்த்து ஊரே மெச்ச, அவள் உள்ளே நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ அன்னிக்கு அவளை எச்சல்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?" என்றாள் அத்தை. "மறுநாள் என்கிட்ட சொன்னா. 'இந்தக் குட்டிக்கு என் வயிறுடி பட்டு. அப்படியே என்னைக் கொண்டிருக்கு. இதுக்கு மட்டும் சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுத்து'ன்னா. சின்னக் குழந்தை, எங்கேயாவது உளறிட்டா என்ன பண்றதுன்னு அடக்கிண்டுட்டா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த வீட்டில் அவளைப் போலவே குமட்டிய ஒரே ஆள் நான். அவள் அதைக் கண்டுகொண்டு சிரித்தாள். நான் அவள் மேலேயே துப்பியிருக்கிறேன்.

பிறகு கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "நீங்க, அத்தை?"

அத்தை புடைவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நான் சாப்பிட்டேன். அம்மாவோட சாமர்த்தியம் எனக்கு இல்லை. முதல் மாசம் அழுதுண்டே சாப்பிட்டேன். அப்பறம் பழகிடுத்து. அதான்டி கேவலம். பழகிடறது."

அன்று வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் குழாயை எடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கோடு வரைக்கும் துப்பி, மூடி திருகி அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, எங்கள் குடும்பத்தார் எல்லோரும் தென்னிந்தியர்கள் என்று அமெரிக்காவிலிருந்து கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

அத்தை சொன்னதை ஸ்ரீராமிடம் சொன்னேன். அவன் நல்ல பையன். "சூப்பர் கதை அத்தை," என்றான். "ஆனா எழுத்துல ஏதாவது இருக்கா? லெட்டர், டைரி மாதிரி? இல்லேன்னா போட முடியாது." மறைத்துச் சாப்பிட்ட பெண் அதை எழுதி வைத்துவிட்டா சாப்பிடுவாள் என்று கேட்டேன். அப்படியானால் இலையில் சாப்பிட்டாள் என்பதற்கு என்ன எழுத்து இருக்கிறது என்றும் கேட்டேன். அதைப் பார்த்த ஒருவர் உண்டா? கதவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவன் "அப்பாகிட்ட பேசறேன்" என்றான்.

அண்ணா எனக்கே போன் பண்ணினார். "பட்டு அத்தைக்கு வயசாச்சு. மறதி. எதையாவது சொல்லுவா. நீயும் அதைத் தூக்கிண்டு வரே. பாட்டியோட பேரைக் கெடுக்காதே." மறதியாம். தன் பிறந்த நட்சத்திரத்தையே அண்ணா அத்தையிடம் கேட்டுத்தான் விழாப் பத்திரிகையில் போட்டார். நான் அதைச் சொல்லவில்லை. பீமரத சாந்தி சமயத்தில் எதற்கு மனஸ்தாபம் என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த வாயை மூடிக்கொள்கிற வித்தை மட்டும் யாரிடமிருந்து எனக்கு வந்ததோ. புத்தகம் வழவழ தாளில் அச்சாகி வந்தது. வரி அப்படியே இருந்தது.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். கலச நீரெல்லாம் கொட்டி முடிந்து, பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. அண்ணாவும் அவர் மனைவி ஜெயா மன்னியும் நடு வரிசையில். மன்னி முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அதிகம் பேசமாட்டாள். அவளைப் பரிமாற விடாமல், சாப்பிடவும் விடாமல், அண்ணா பக்கத்தில் சும்மா உட்காரவைத்திருந்தார்கள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணா முழுச் சாப்பாடும் சாப்பிட்டு, மோரும் விட்டுக்கொண்டு, எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"எங்க அலமேலு பாட்டி ஞாபகமா, இன்னிக்கு ஒரு நாள் ஜெயா என் இலைல சாப்பிடப் போறா."

சிலர் கை தட்டினார்கள். அண்ணா மன்னியைத் தோளில் தொட்டுத் தன் நாற்காலிக்கு நகர்த்தினார். மன்னிக்கு அப்போதுதான் தெரியும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வீடியோக்காரர் கேமராவை இலைக்கு நேரே இறக்கினார்.

"மேடம், ஒரே ஒரு வாய். சாரைப் பாத்துக்கினே எடுத்து வைங்க."

அன்றைக்கும் முருங்கைக்காய் சாம்பார். சக்கை மூன்று இடத்தில் கிடந்தது. பாயசமும் மோரும் ஒன்றாக ஓடி, பாதி கடித்த வடை அதில் ஊறிக்கொண்டிருந்தது. நான் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். பட்டு அத்தை வந்திருக்கவில்லை; பாட்டி அந்த இலையில் சாப்பிடவே இல்லை என்று நம்பியவள் அங்கே நான் ஒருத்திதான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மன்னி இலையைப் பார்த்தாள். அண்ணாவைப் பார்த்தாள். கணக்குப் போடுகிற மாதிரி கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னால முடியாது. எனக்குக் குமட்டறது."

"ஒரு வாய்தானே ஜெயா. எல்லாரும் பாத்துண்டிருக்கா."

"ஒரு வாயும் முடியாது."

கத்தவில்லை. வகுப்பில் ஒரு பையனுக்கு மார்க் கிடையாது என்று சொல்கிற குரல். எழுந்து வந்து என் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "ஒரு இலை போடுப்பா. சாம்பார் வேண்டாம், ரசம் கொண்டா" என்றாள். பிறகு யாரோ ஒருவர் பாயசம் நன்றாக இருக்கிறது என்று உரக்கச் சொன்னார், எல்லோரும் பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அண்ணா கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

கை அலம்புகிற இடத்தில் வைத்து மன்னியிடம் பாட்டி கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"பாட்டிக்குக் கதவு இருந்துது," என்றாள். "எனக்கு மூஞ்சிக்கு நேரே கேமராதான் இருந்துது."

அந்த மாதிரிக் கதவு இப்போது எந்த வீட்டிலும் கிடையாது. என் ஃப்ளாட்டிலேயே சமையலறைக்குக் கதவு வைக்கவில்லை. காற்றோட்டத்துக்கு நல்லது என்று பில்டர் சொன்னார். கொல்லை இல்லை, தொட்டி இல்லை, இலை தின்ன மாடும் இல்லை. இதற்கெல்லாம் பெருமூச்சு விடுகிறவர்கள் விடட்டும். ஒரு பெண் அரை வயிறு சாப்பிட ஐம்பது வருஷம் ஒளிய வேண்டியிருந்த கதவு போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் விழா வீடியோ வந்தது. ஸ்ரீராம் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். பந்தியில் அண்ணா சாப்பிடுகிறார், எழுந்து பேசுகிறார், கைதட்டல். இலை பெரிதாகத் தெரிகிறது. மன்னி அந்த நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாவை நிமிர்ந்து பார்க்கிறாள். உடனே திரை முழுக்க ரோஜாப்பூ கொட்டுகிறது, நாதஸ்வரம் உயர்கிறது, அடுத்த நிமிஷம் எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஸ்ரீராமைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பாதான் வெட்டச் சொன்னா. அழகா போயிண்டிருக்கறச்சே நடுவுல எதுக்கு அசிங்கம்னா."

அசிங்கம் எது என்று நான் அவனிடம் விவாதிக்கவில்லை. புத்தகம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. வீடியோவும் இருக்கும். நாளைக்கு இந்தக் குடும்பத்தில் யாராவது ஜெயா என்று ஒருத்தி இருந்தாளே, எப்படிப்பட்டவள் என்று தேடினால் அந்த இலையும், அந்த நாற்காலியும், அண்ணாவைப் பார்க்கிற அந்தப் பார்வையும்தான் கிடைக்கும். மிச்சத்தை அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள்.

அதனால் நான் எழுதி வைக்கிறேன். ஜெயா மன்னி அந்த இலையில் சாப்பிடவில்லை. குமட்டுகிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, புது இலையில் இரண்டு தடவை ரசம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். நான் பார்த்தேன்.